மலையைக் கட்டங்களுக்குள் அடைத்த கதை

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைச்சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. பேருந்து ஒவ்வொரு வளைவாகத் திரும்பும்போது ஒரு பக்கம் பள்ளத்தாக்கு. மறுபக்கம் சாலைக்காக வெட்டப்பட்ட பாறைச் சுவர். பயணிகள் பள்ளத்தைப் பார்த்துத்தான் அஞ்சுவார்கள். ஆனால் சாலைப் பொறியாளருக்குக் கவலை தருவது மறுபக்கத்துச் சுவரே. கனமழைக் காலத்தில் மண் சரிவதும், பாறை உருண்டு சாலையில் விழுவதும் சேர்வராயன் மலைக்குப் புதியவை அல்ல.

'இந்த வெட்டுச் சரிவு நிற்குமா, நிற்காதா?' என்பது பொறியாளரின் முன் உள்ள கேள்வி. மலையை இடித்துப் பார்த்து இதற்கு விடை காண முடியாது அல்லவா? ஆகவே அவர் கணிப்பொறியில் ஒரு மலையைப் படைக்கிறார். உண்மைப் பொருளைப் போலவே நடந்துகொள்ளும் ஒன்றைக் கணக்கினால் உருவாக்கிச் சோதித்துப் பார்க்கும் இந்த முறையை ஒப்புருவாக்கம் என்கிறோம். திரையில் உள்ள பாறையைச் சுட்டியால் தொட்டதும் 'பண்புகள்' என்னும் சாளரம் திறக்கிறது. அதில் வரிசையாகக் கட்டங்கள்: எடை, ஒட்டுந்திறன், உராய்வுக் கோணம், மீள்தன்மைக் குணகம், பாய்சான் விகிதம், நீர் அழுத்தம். 'அமைப்புகள்' என்னும் இன்னொரு சாளரமும் உண்டு. மலையை எத்தனை சிறு துண்டுகளாகப் பிரிப்பது, கணக்கை எத்தனை முறை திருப்பிச் செய்வது, எவ்வளவு பிழையைப் பொறுத்துக்கொள்வது என்பவை அதில் கேட்கப்படும். கட்டங்களை நிரப்பி ஆணையிட்டால் சில நொடிகளில் அழகான வண்ணப் படம் வந்துவிடும்.

வண்ணப் படத்தைப் பார்ப்பவர் பலர். கட்டங்களில் என்ன எண் இடப்பட்டது என்று கேட்பவர் சிலரே. ஆனால் விடையைத் தீர்மானிப்பவை அந்த எண்கள்தாம். அந்தக் கட்டங்கள் எங்கிருந்து வந்தன? ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வரலாறு உண்டு. அதைத் தெரிந்துகொண்டவர் கட்டத்தில் எண்ணை இடும்போது சற்று நின்று யோசிப்பார்.

சேர்வராயனின் கல்

முதலில் மலையைப் பார்ப்போம். சேர்வராயன் மலையின் பெரும்பகுதி சார்னோக்கைட் என்னும் கருநிறப் பாறையால் ஆனது. இந்தப் பெயர் ஒரு கல்லறையிலிருந்து வந்தது என்றால் வியப்பாக இருக்கும். கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலரான ஜாப் சார்னாக் 1693இல் இறந்தார். கல்கத்தாவின் செயின்ட் ஜான் தேவாலய வளாகத்தில் உள்ள அவரது கல்லறையில் பதித்த கல், சென்னைக்கு அருகிலுள்ள பல்லாவரம் பகுதிப் பாறையை ஒத்திருந்தது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலந்து 1893இல் இப்பாறைக்குச் சார்னாக்கின் நினைவாகவே பெயர் சூட்டினார்.

புதிதாக உடைத்த சார்னோக்கைட் மிக உறுதியானது. தண்ணீரைப் போல் ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்கு கனமானது. ஆனால் மலை முழுவதும் புதிய பாறை அல்ல. மழையும் வெயிலும் நீண்ட நெடுங்காலம் தின்றதால் மேற்பகுதி இற்றுச் செம்மண்ணாக மாறியிருக்கிறது. மலையின் உச்சிப் பகுதிகளில் இந்தச் சிதைவு முற்றிப் பாக்சைட் தாதுவாகவே ஆகிவிட்டது. மேட்டூர் அலுமினிய ஆலைக்கு ஏற்காட்டுப் பாக்சைட் வெட்டப்பட்டது இதனால்தான். சிதையாத பாறையிலும் பிளவுகள் ஓடுகின்றன.

ஆகவே ஒரே வெட்டுச் சரிவில் மேலே மண், நடுவே இற்ற பாறை, கீழே பிளவுபட்ட உறுதியான பாறை என மூன்று பொருள்கள் இருக்கக்கூடும். 'சார்னோக்கைட்' என்று ஒரே பெயரிட்டு, ஒரே வரிசை எண்களை இட்டால் அது சேர்வராயன் மலையாக இராது.

கூலோம் தந்த இரண்டு கட்டங்கள்

ஒட்டுந்திறன், உராய்வுக் கோணம் என்னும் இரண்டு கட்டங்களும் 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இவற்றைத் தந்தவர் பிரெஞ்சு இராணுவப் பொறியாளர் கூலோம். மின்னூட்டங்களுக்கு இடையேயான விசை விதியில் நீங்கள் படிக்கும் அதே கூலோம்தான். இளமையில் அவர் மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான மார்ட்டினிக்கில் கோட்டை கட்டும் பணியில் ஆண்டுக்கணக்கில் இருந்தார். மண் அணைந்து நிற்கும் மதில் எவ்வளவு கனமாக இருக்கவேண்டும் என்பது அவருக்கு நடைமுறைச் சிக்கல். அந்த அனுபவத்திலிருந்து எழுந்த கட்டுரையை 1773இல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன் வைத்தார். 1776இல் அது அச்சாயிற்று.

அவர் சொன்னது எளிமையானது. மண்ணோ பாறையோ ஒரு தளத்தில் வழுக்காமல் நிற்பதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும் வலிமை. இது மேலே உள்ள சுமையைப் பொறுத்ததல்ல. மற்றொன்று உராய்வு, மேலே அழுத்தும் சுமை கூடினால் இதுவும் கூடும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். சாலைக்கு மேலே 40 பாகை சாய்ந்த ஒரு பிளவின்மேல் 100 டன் எடையுள்ள பாறை உட்கார்ந்திருக்கிறது என்று கொள்வோம். பிளவின் பரப்பு 20 சதுர மீட்டர். உராய்வுக் கோணம் 35 பாகை. ஒட்டுந்திறன் சதுர மீட்டருக்கு 2 டன்.

பாறையைக் கீழே இழுக்கும் விசை 100 × சைன் 40 பாகை, அதாவது சுமார் 64 டன். தளத்தை அழுத்தும் விசை 100 × கோசைன் 40 பாகை, அதாவது சுமார் 77 டன். அதை டேன் 35 பாகையால் பெருக்கினால் உராய்வு சுமார் 54 டன். ஒட்டுந்திறன் தருவது 20 × 2 = 40 டன். தாங்கும் விசையின் கூட்டுத்தொகை 94 டன். தாங்கும் விசையை இழுக்கும் விசையால் வகுத்தால் கிடைப்பது பாதுகாப்புக் காரணி. இங்கே அது 94 ÷ 64, ஏறத்தாழ 1.46. ஒன்றுக்கு மேல் இருப்பதால் பாறை நிற்கும்.

இப்போது ஒரே ஒரு கட்டத்தை மாற்றுங்கள். பிளவு ஏற்கெனவே திறந்துவிட்டது, ஒட்டுந்திறன் இல்லை என்று அங்கே சுழியை இடுங்கள். விடை 0.83 ஆகிவிடும். அதே மலை, அதே பாறை, அதே செயலி. முதல் விடை 'நிற்கும்' என்கிறது. இரண்டாவது விடை 'விழும்' என்கிறது. இரண்டில் எது உண்மை என்பதைக் கணிப்பொறி அறியாது. பிளவை நேரில் சென்று பார்த்தவருக்கே அது தெரியும்.

தண்ணீருக்கு ஒரு கட்டம்

சரிவுகள் மழைக்காலத்தில் விழுவதை மக்கள் எப்போதும் அறிந்திருந்தனர். ஆனால் தண்ணீரைக் கணக்கில் சரியாகச் சேர்க்க 20ஆம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது. இதில் சுவீடன் நாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. 1916இல் அங்கே கோதன்பர்க் துறைமுகத்தில் ஒரு துறைமேடை களிமண்ணோடு சரிந்து விழுந்தது. அதை ஆராய்ந்த பொறியாளர்கள், மண் ஏறத்தாழ ஒரு வட்ட வில்லின் மீது சுழன்று சரிந்திருப்பதைக் கண்டனர். 1918 அக்டோபர் முதல் நாள் யேட்டோ என்னும் இடத்தில் இரயில்பாதையின் கரை சரிந்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சுவீடன் அரசு இரயில்வே அமைத்திருந்த நிலப் பொறியியல் குழு 1922இல் தன் அறிக்கையை வெளியிட்டது. சரிவை மெல்லிய செங்குத்துத் துண்டுகளாகப் பகுத்து, ஒவ்வொரு துண்டின் விசைகளையும் கூட்டிப் பார்க்கும் 'சுவீடன் முறை' இப்படி உருவாகியது.

அதே 1920களில் இஸ்தான்புல்லில் ஆசிரியராக இருந்த கார்ல் டெர்சாகி, ஈர மண்ணின் சுமையை மண்துகள்களும் துளைநீரும் பங்கிட்டுக்கொள்கின்றன என்று காட்டினார். நீர் தாங்கும் பங்கு உராய்வுக்கு உதவாது. மேலே போட்ட கணக்கில் மழைநீர் பிளவுக்குள் புகுந்து, சராசரியாக ஒன்றரை மீட்டர் உயர அழுத்தத்துடன் நிற்கிறது என்று கொள்ளுங்கள். 20 சதுர மீட்டருக்கு அது 30 டன் மேலுந்துவிசை. தளத்தை அழுத்தும் விசை 77 டன்னிலிருந்து 47 டன்னாகக் குறையும். பாதுகாப்புக் காரணி 1.46லிருந்து 1.13க்கு இறங்கும்.

தென்மேற்குப் பருவக்காற்றும் வடகிழக்குப் பருவக்காற்றும் மழை தரும் ஏற்காட்டில் இந்தக் கட்டத்தைக் காலியாக விடுவது எவ்வளவு பெரிய துணிச்சல் என்று எண்ணிப் பாருங்கள். கோடையில் அளவெடுத்த எண்ணைக் கொண்டு ஐப்பசி மழைக்கு விடை சொல்ல முடியாது.

அட்டையிலிருந்து சாளரத்துக்கு

இந்தக் கணக்குகளை முதலில் கையால்தான் செய்தார்கள். 1955இல் இலண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஆலன் பிஷப் வகுத்த முறையில் ஒரு சங்கடம் இருந்தது. விடையாக வரவேண்டிய பாதுகாப்புக் காரணி சமன்பாட்டின் இரு பக்கங்களிலும் இருந்தது. ஆகவே ஒரு விடையை ஊகித்து, கணக்கிட்டு, வந்த விடையை மறுபடி உள்ளே இட்டு, இரண்டும் ஒத்துப்போகும்வரை திரும்பத் திரும்பச் செய்யவேண்டும். சலிப்பில்லாமல் இதைச் செய்ய ஏற்றது மின்னணுக் கணிப்பொறி. 1958இலேயே இங்கிலாந்தில் இருவர் சரிவுக் கணக்கைக் கணிப்பொறியிடம் ஒப்படைத்து, அதைக் கட்டுரையாக வெளியிட்டனர்.

இதற்கிடையே விமானப் பொறியாளர்கள் இன்னொரு வழியைக் கண்டனர். சிக்கலான ஓர் உருவத்தைச் சிறு சிறு முக்கோணங்களாகவும் நாற்கரங்களாகவும் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எளிய சமன்பாடு எழுதி, எல்லாவற்றையும் இணைத்துத் தீர்க்கும் முறை அது. 1960இல் அமெரிக்கப் பேராசிரியர் ரே கிளாஃப் அதற்கு வைத்த பெயரைத் தமிழில் வரம்புறு கூறு முறை எனலாம். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா 1960களில் இம்முறையில் 'நாஸ்ட்ரான்' என்னும் பெரிய செயலியைச் செய்வித்தது.

அந்நாளில் சாளரமும் இல்லை, சுட்டியும் இல்லை. எண்களைக் கணிப்பொறிக்குச் சொல்லத் துளை அட்டைகளே இருந்தன. ஓர் அட்டையில் 80 பத்திகள். நாஸ்ட்ரான் அவற்றை எட்டெட்டுப் பத்திகளாகப் பத்துக் கட்டங்களாக்கியது. ஒரு பொருளின் பண்புகளைச் சொல்லும் அட்டையில் முதல் கட்டத்தில் அட்டையின் பெயர். பிறகு பொருளின் எண், மீள்தன்மைக் குணகம், சறுக்குக் குணகம், பாய்சான் விகிதம், அடர்த்தி, வெப்ப விரிவு என்று வரிசை. இன்றைய பண்புச் சாளரத்தில் நீங்கள் காணும் கட்டங்களின் மூதாதை இந்த அட்டைதான்.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கு 1973இல் ஐ.பி.எம். 370/155 கணிப்பொறி வந்தபோது மாணவர்கள் இத்தகைய அட்டைக் கட்டுகளைத்தான் சுமந்து சென்றனர். ஓர் எண் ஒரு பத்தி தள்ளி விழுந்தாலும் கணக்கு கெட்டுவிடும். விடைக்குக் காத்திருக்கவேண்டும், பிழையென்றால் அட்டையை மாற்றிக் கொடுத்து மறுபடி காத்திருக்கவேண்டும். ஆகவே அட்டையைக் கொடுக்குமுன் ஒவ்வோர் எண்ணையும் சரிபார்ப்பது வழக்கமாயிற்று. நம் நாட்டில் திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையமும் 'ஃபீஸ்ட்' என்னும் வரம்புறு கூறுச் செயலியைத் தானே உருவாக்கியது.

அட்டை எப்போது சாளரமாயிற்று? 1981இல் ஜெராக்ஸ் நிறுவனம் 'ஸ்டார்' என்னும் கணிப்பொறியை வெளியிட்டது. அதன் விசைப்பலகையில் 'பண்புகள்' என்றே ஒரு விசை இருந்தது. திரையில் ஒரு பொருளைத் தேர்ந்து அந்த விசையை அழுத்தினால், அப்பொருளின் பண்புகளைக் காட்டும் தாள் ஒன்று திரையில் விரியும், வேண்டியதை மாற்றிக்கொள்ளலாம். அலுவலக ஆவணங்களுக்காகச் செய்யப்பட்ட இந்த ஏற்பாடு பின்னர் எல்லா வகைச் செயலிகளுக்கும் பரவியது. பொறியியல் செயலிகளும் அதை ஏற்றன.

காலியாக இல்லாத கட்டம்

சாளரம் பெரிய வசதி. ஆனால் அதனோடு ஒரு ஆபத்தும் வந்தது. பல செயலிகளில் சாளரத்தைத் திறக்கும்போதே சில கட்டங்களில் எண்கள் இருக்கின்றன. அவை செயலியைச் செய்தவர் முன்கூட்டி இட்டு வைத்த இயல்பு மதிப்புகள். சேர்வராயன் மலையை அவர் கண்டதில்லை. கணக்கு தடைப்படாமல் ஓடவேண்டும் என்பதற்காகவே அந்த எண்களை வைத்தார். நாம் அவற்றைத் தொடாமல் விட்டால், அந்த எண்களைச் சரியென்று நாமே ஒப்புக்கொண்டதாகப் பொருள்.

'அமைப்புகள்' சாளரத்தில் இது இன்னும் நுட்பமானது. இன்று பரவலாக உள்ள ஒரு முறையில், கணிப்பொறி பாறையின் வலிமையைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போகும். எந்தப் படியில் கணக்கு சமநிலைக்கு வராமல் தத்தளிக்கிறதோ, அதுவே சரிவு விழும் நிலை என்று கொள்ளப்படும். 'எத்தனை முறை முயன்றபின் கைவிடுவது?' என்பது நாம் இடும் எண். அது மிகக் குறைவாக இருந்தால், நிற்கக்கூடிய சரிவையும் கணிப்பொறி விழுந்ததாகச் சொல்லும். பிழையைப் பொறுக்கும் அளவு மிகத் தளர்வாக இருந்தால், விழவேண்டிய சரிவையும் நிற்பதாகச் சொல்லக்கூடும். கணக்கின் ஒழுங்குக்காக இட்ட எண், மலையின் தலைவிதியைப் போல் விடைத்தாளில் வந்து நிற்கிறது.

மூழ்கிய மேடை

இவ்வளவு எச்சரிக்கை தேவையா என்று கேட்பவர்களுக்கு நார்வே நாட்டு நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லலாம். வடகடலில் எரிவாயு எடுப்பதற்காக 'ஸ்லைப்னர் ஏ' என்னும் மேடைக்கு 24 அறைகள் கொண்ட மாபெரும் கான்கிரீட் அடித்தளத்தைக் கட்டினார்கள். 1991 ஆகஸ்டு 23 அன்று ஸ்டாவாங்கர் நகருக்கு அருகில் அதை நீரில் அமிழ்த்திச் சோதித்தபோது அறைச்சுவர் ஒன்று வெடித்தது. தண்ணீர் உள்ளே பாய்ந்தது. அடித்தளம் முழுவதும் மூழ்கிக் கடலடியில் மோதி நொறுங்கியது. அதன்மேல் இருந்தவர்கள் அனைவரும் தப்பினர். இழப்பு ஏறத்தாழ 70 கோடி டாலர்.

விசாரணையில் வெளிப்பட்டது என்ன? வடிவமைப்புக் கணக்கை நாஸ்ட்ரான் செயலியில்தான் செய்திருந்தார்கள். செயலியில் பழுது இல்லை. அறைகள் கூடும் இடத்தைப் பிரித்த கூறுகள் பெரியவையாகவும் பொருந்தா வடிவிலும் இருந்தன. அதனால் சுவரில் தோன்றும் சறுக்குத் தகைவு 47 விழுக்காடு குறைவாகக் கணிக்கப்பட்டது. சுவரும் அதற்கேற்ப மெலிந்து, கம்பிகளும் போதாமல் போயின. விபத்துக்குப் பின் கவனமாக அமைத்த கூறுகளுடன் மீண்டும் கணக்கிட்டபோது, சுவர் 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்று விடை வந்தது. உண்மையில் உடைந்தது 65 மீட்டரில். முறை சரியாகவே இருந்தது. அதற்குக் கொடுத்த அமைப்புதான் தவறு.

கையளவு கல்லும் மலையும்

சேர்வராயன் மலைக்குத் திரும்புவோம். ஆய்வுக்கூடத்தில் கையளவு சார்னோக்கைட்டை நசுக்கிப் பார்த்து ஓர் எண் பெறலாம். அந்த எண்ணை அப்படியே மலைக்கு இடலாமா? கூடாது. கைக்குள் அடங்கும் துண்டில் பிளவு இல்லை, மலையில் உண்டு. மலை பெரும்பாலும் பிளவுகளில்தான் வழுக்குகிறது. இந்த இடைவெளியை நிரப்பவே 1973இல் பீனியாவ்ஸ்கி என்னும் பொறியாளர், பாறைத்தொகுதிக்கு நூற்றுக்கு மதிப்பெண் இடும் முறையை வகுத்தார். கல்லின் வலிமை, துளையிட்டு எடுத்த பாறைத் தண்டின் தரம், பிளவுகளின் இடைவெளி, அவற்றின் நிலை, நிலத்தடி நீர் ஆகியவற்றுக்குத் தனித்தனி மதிப்பெண் உண்டு. பிளவு சாலையை நோக்கிச் சாய்ந்திருந்தால் மதிப்பெண் குறையும்.

இத்தகைய மதிப்பீடு நம் மலையிலும் நடந்திருக்கிறது. குப்பனூரிலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையின் நிலச்சரிவு அபாயத்தை வரைபடமாக்கி, வெட்டுச் சரிவுகளின் உறுதியையும் ஆராய்ந்த கட்டுரை 2017இல் வெளியானது. இதற்குக் கணிப்பொறி மட்டும் போதாது. சரிவு சரிவாக நடந்து, திசைகாட்டியும் சாய்வுமானியும் கொண்டு பிளவுகளை அளந்தால்தான் கட்டங்களில் இட எண் கிடைக்கும்.

கேட்கவேண்டிய கேள்விகள்

மாணவ நண்பர்களே, நாளை உங்களில் சிலர் இத்தகைய சாளரங்களின் முன் அமர்வீர்கள். வேறு சிலர் அவற்றிலிருந்து வந்த அறிக்கைகளைப் படிப்பீர்கள். யாராக இருந்தாலும் கீழ்க்கண்டவற்றைக் கேளுங்கள்.

இந்த எண் எங்கே அளக்கப்பட்டது? ஏற்காட்டுச் சரிவிலா, ஆய்வுக்கூடத்திலா, ஏதோ ஒரு நூலின் அட்டவணையிலா?

அலகு என்ன? டன்னா, கிலோநியூட்டனா? ஒரு கட்டத்தில் ஒன்றும் அடுத்த கட்டத்தில் மற்றொன்றும் கலந்துவிட்டால் விடை பத்து மடங்கு பிசகும்.

யாரும் தொடாத இயல்பு மதிப்புகள் எவை?

கூறுகளைப் பாதியளவு சிறிதாக்கினால் விடை மாறுகிறதா? மாறிக்கொண்டே இருந்தால் அந்த விடையை இன்னும் நம்பக்கூடாது.

ஐயமுள்ள எண்ணைச் சற்றுக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார்களா? மழைக்காலத் தண்ணீரைச் சேர்த்தார்களா?

கடைசியாக, நாம் மேலே செய்ததுபோல் தாளில் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். கணிப்பொறியின் விடையும் உங்கள் விடையும் இம்மி பிசகாமல் ஒத்திருக்கவேண்டும் என்பதில்லை. பெருமளவு முரண்பட்டால் மட்டும், அறிக்கையில் கையெழுத்திடுமுன் சாளரத்தை மறுபடி திறந்து ஒவ்வொரு கட்டமாகப் பாருங்கள். அந்த அறிக்கையை நம்பித்தான் சரிவின் கீழே நாள்தோறும் பேருந்துகள் செல்லப்போகின்றன.